தேறலும் தெரிவும்

சங்கப் பாடல்களை வகுப்பறையில் நடத்தும்போது ஆசிரியர் பலர் விரைந்து கடந்துவிடும் இடங்கள் சில உண்டு. மன்னன் பாணனுக்கு ஊனும் சோறும் அளித்த செய்தியை மகிழ்வோடு விரித்துரைப்பவர், அடுத்து வரும் தேறலைக் கண்டதும் குரல் தாழ்த்தி, அது ஒருவகைப் பானம் என்று மட்டும் கூறி நகர்ந்துவிடுவார். மாணவர் கைக்கொள்ளும் பொருளுரைகளும் இதற்குத் துணை செய்கின்றன. நறவு என்றால் கள்; மட்டு என்றால் கள்; பிழி என்றாலும், தோப்பி என்றாலும் அதுவே. இவ்வாறு பல சொற்களுக்கும் ஒரே பொருள் எழுதி முடித்தபின், புலவர் ஓரிடத்தில் ஒரு சொல்லையும் வேறோரிடத்தில் வேறொரு சொல்லையும் ஏன் ஆண்டார் என்ற வினாவே எழுவதில்லை.

மேனாட்டார் வைன் அருந்துவதைத் தெரிவுக் கலையாகவே வளர்த்துள்ளனர். மீனுக்கு வெள்ளை வைன், மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் செவ்வைன், விருந்தின் தொடக்கத்தில் ஷாம்பேன், முடிவில் பாலாடைக் கட்டியோடு போர்ட்டு என்று முறை வகுத்துள்ளனர். இவற்றுள் சில வெறும் பழக்கம். சிலவற்றுக்குக் காரணம் உண்டு. செவ்வைனில் உள்ள இரும்பு, மீனோடு சேருங்கால் கவிச்சு மணத்தை மிகுவிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இதனைக் குறிப்பிடுவது, ‘எல்லாம் எம்மிடம் முன்பே இருந்தன’ என்று மார்தட்டுவதற்காக அன்று. அத்தகைய பெருமிதம் இலக்கியத் திறனாய்வுக்கு உதவாது. எந்த உணவோடு எந்தப் பானம், எப்பொழுதில், எவர் கையால் என்ற வினாவை நம் பாடல்களை நோக்கியும் எழுப்பலாம் என்பதே என் கருத்து.

முதலில் பெயர்களை நோக்குக. தேறல் என்பது தேறியது, அதாவது தெளிந்தது. அரியல் என்பது அரிக்கப்பெற்றது. பிழி என்பது பிழிந்து எடுக்கப்பெற்றது. தோப்பி, நெல்லால் சமைத்தது என்பர் உரைகாரர். நறவு என்ற சொல்லில் நறுமணம் நிற்கிறது. இப்பெயர்களுட் பல பானத்தின் மயக்கத்தைக் கூறவில்லை. அது ஆகி வந்த வழியைக் கூறுகின்றன. செய்முறையை அறிந்த மக்களிடையே பிறந்த சொற்கள் இவை. அனைத்தையும் கள் என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்குவது, தோசையையும் இடியப்பத்தையும் புட்டையும் மாவுப்பண்டம் என்று கூறி முடிப்பதை ஒக்கும்.

இனி, ஆற்றுப்படை நூல்கள் இரண்டை அருகருகே வைத்துக் காண்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணன் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே கிடைக்கும் பானத்தின் செய்முறையைப் புலவர் படிப்படியாக உரைக்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். நெல்முளையை இடித்துக் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றனர். பின்னர் வலிய வாயையுடைய சாடியில் பச்சை வாடை நீங்க முதிர்ந்ததை விரலால் அலைத்து அரிக்கின்றனர். முளைவிட்ட தானியம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் என்ற இயல்பை இன்றைய வேதியியல் விளக்கும். அம்மக்களோ அதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். இந்தப் பானத்தோடு பாணனுக்குக் கிடைப்பது, புதிதாகப் பிடித்துச் சுட்ட மீன்.

நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும் பானமும் சுட்ட மீனும் வருகின்றன. ஆனால் இடம் கடற்கரைப் பட்டினம். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித் தீமூட்டிய நுளையர் மகள் அரித்துத் தரும் தேறல் நாட்பட்டது, பழமை ஏறியது. அதனோடு கிடைக்கும் மீனோ உலர்ந்த குழல்மீனின் சூடு.

புதிய மீனுக்கு இரண்டு நாளில் விளைந்த இளம்பானம். உலர்ந்த மீனுக்கு நாட்பட்ட தேறல். இரு புலவரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதினர் என்று நான் கூறவில்லை. ஆயினும் இணைப்பு இரண்டிடத்தும் பிழையாமல் அமைந்திருக்கிறது. உலர்ந்த மீனின் உப்பும் முறுகலும் இளம்பானத்தின் இனிப்பை அமிழ்த்திவிடும். முதிர்ந்த தேறலின் கடுமையோ அதற்கு ஈடுகொடுக்கும். இரண்டையும் கள்ளும் மீனும் என்று எழுதி முடிக்கும் உரை, புலவர் வேறுபடுத்திக் காட்டிய இரண்டு ஊர்களை ஓர் ஊராக்கிவிடுகிறது.

அதே சிறுபாணாற்றுப்படையின் இறுதியில் வரும் தேறல் வேறு. நல்லியக்கோடனின் அரண்மனையை அடைந்த பாணனுக்கு முதலில் மெல்லிய ஆடை; அடுத்துச் சினந்த பாம்பைப் போல ஏறும் தேறல்; அதன்பின்பே வீமனின் சமையல் நூல் வழுவாது ஆக்கிய பலவகை உணவு. பரிமாறும்போது மன்னன் தானே உடன் நிற்கிறான். வழிநடை வருத்தம் உடையால் நீங்கி, தேறலால் நீங்கி, பிறகே இலை விரிகிறது. விருந்தின் இவ்வரிசை கருதத்தக்கது. பொருநராற்றுப்படையிலும் மகளிர் மீண்டும் மீண்டும் வார்க்கும் பானம் நடந்த களைப்பைப் போக்குகிறது. அந்நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம், இரவும் பகலும் ஊன் தின்று தின்று பொருநனின் பற்கள் கொல்லை உழுத கொழுப்போல மழுங்கிப்போவதே. அது வேறு கட்டுரைக்கு உரியது.

குறிஞ்சி நிலத்தில் அரிசிக் களி இல்லை. தேன் உண்டு, மூங்கில் உண்டு. மலைபடுகடாமில் கூத்தருக்குக் கிடைப்பது மூங்கிற் குழாயில் வார்த்து முதிர்வித்த தேன்தேறல். உடன் வரும் உணவும் மலையினுடையதே: கடமான் தசை, முள்ளம்பன்றியின் கொழுத்த ஊன், மூங்கிலரிசிச் சோறு. கபிலரோ குறிஞ்சிப்பாட்டில் மனிதர் கைபடாத தேறலையே காட்டிவிடுகிறார். மாம்பழம் உதிர்கிறது, தேனடை சிதைந்து ஒழுகுகிறது, பலாச்சுளை நெகிழ்ந்து வீழ்கிறது, அனைத்தும் பாறைச் சுனையில் கலந்து தாமே தேறலாய் விளைகின்றன. அதனை நீரென்று எண்ணிப் பருகிய மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் மகளைப் போலத் தளர்ந்து நடக்கிறது. பழத்தின் சர்க்கரை தானே புளித்து மதுவாவதை இத்துணை நுட்பமாகக் கண்ட புலவரைப் படிக்கும்போது, ‘சுனைநீர்’ என்று மட்டும் பொருள் எழுதித் தப்பித்துக்கொள்வது வருந்தத்தக்கது.

பட்டினப்பாலையில் தெரிவு வெளிப்படையாகவே நிகழ்கிறது. புகார் நகரத்து மகளிர் இரவு வந்ததும் பட்டாடையை விலக்கி மெல்லிய துகிலை உடுக்கின்றனர்; மட்டை விலக்கி மதுவை விரும்புகின்றனர். இரண்டும் ஒன்றாயின் விலக்குவதற்கும் விரும்புவதற்கும் பொருள் ஏது? உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் இரண்டையும் வேறு பிரித்தே பொருள் கொண்டார். உடையைப் போலவே பானமும் பொழுதுக்கு ஏற்ப மாறுகிறது.

யவனர் கொணர்ந்த தேறலைப் பற்றித் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அதனைக் குறிப்பிடும் புறநானூற்று 56ஆம் பாடல், பாண்டியன் நன்மாறனை நக்கீரனார் பாடியது. கலம் என்ற சொல்லுக்குக் கப்பல் எனப் பொருள் கொள்வாரும் கொள்கலம் எனப் பொருள் கொள்வாரும் உளர். அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவை வைன், ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றைச் சுமந்து வந்தவை. கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வுகளிலும் அத்தகைய சாடிகள் வெளிப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்புளூசு, முசிறிக்கு வைன் வந்ததென்றும் அது மிகுதியன்று என்றும் குறிக்கிறது. இன்றைய பரூச்சு ஆகிய பரிகாசாவில் இத்தாலிய வைனுக்கே முதன்மை இருந்தது என்றும் கூறுகிறது. அந்நாளிலேயே வாங்குவோர் ஊர் பார்த்து வாங்கினர்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பாடலில் வேறொன்றும் இருக்கிறது. அங்கே மீனும் இல்லை, ஊனும் இல்லை, சோறும் இல்லை. பொற்கலமும், அதனை ஏந்தும் வளைக்கை மகளிரும் மட்டுமே உளர். வலைஞர் குடிலிலும் மலைச்சீறூரிலும் பானம் எப்போதும் அந்நிலத்து உணவோடு சேர்ந்தே வந்தது. கடல் கடந்து வந்த இப்பானத்துக்கு உடன்பிறந்த உணவு இங்கில்லை. ஆகவே அது பொன்னோடு சேர்கிறது. மன்னனைத் தெய்வங்களோடு ஒப்பிட்டுப் பாடும் பாடலுக்கு அந்தத் தனிமை பொருந்துகிறது. நான் அதனை உயர்ந்த பாடல் என்றே மதிக்கிறேன். ஆனால் அன்பான பாடல் என்று கூறமாட்டேன்.

அன்புக்குக் கபிலரிடம் செல்ல வேண்டும். புறநானூற்று 120ஆம் பாடலில் பாரியின் நாட்டில் வரகும் தினையும் எள்ளும் அவரையும் விளைந்து முடிகின்றன. நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைப் புல்வேய்ந்த குடிசைதோறும் பகிர்கின்றனர், மணமுள்ள நெய்யில் கடலை பொரிகிறது, சோறு ஆகிறது. அறுவடை முடிந்த உழவர்க்கு உரிய பானமும் உரிய உணவும் இவையே. அந்த நாடு பாரியை இழந்து நிற்கும் நிலையில் கபிலர் இதனைப் பாடுகிறார் என்பதை மறவாதிருந்தால், நெய்யில் பொரியும் கடலையின் மணமும் நெஞ்சை வருத்தும்.

ஆசிரியர்களின் தயக்கத்துக்கு நம் நாட்டில் தனிக் காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை என்பது கவிதைப் பொருளாக இருந்ததில்லை. கூலியை விழுங்கிய வாயாக அது இருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் அதே நோக்கத்தோடு கிளர்ந்தெழுந்தனர். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் முன் நின்று தேறலின் சுவையைப் பேசுவது எளிதன்று. வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரமும் நம் கையிலேயே இருக்கிறது.

ஆனால் அதே வள்ளுவர், நினைந்தவர் புலம்பலில் காதலின் இனிமையை அளக்கக் கள்ளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். உண்டால்தான் மகிழ்விப்பது கள், நினைத்தாலே மகிழ்விப்பது காதல் என வேறுபடுத்தினார். விலக்கியதையும் நன்கு அறிந்தே விலக்கினார். கபிலரும் புறநானூற்று 123ஆம் பாடலில், காலையிலேயே கள்ளுண்டு களித்திருப்பவன் தேரை வழங்குவது எவர்க்கும் எளிது என்று எள்ளிவிட்டு, உண்ணாத தெளிவிலும் வழங்குபவன் மலையமான் திருமுடிக்காரி என்று புகழ்ந்தார். சங்கப் புலவர் மதுவின் மயக்கத்தில் பாடினர் என்று எண்ணும் மாணவனிடம் இப்பாடலைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையையும் மறைக்க வேண்டியதில்லை. கூலிப்பணத்தைக் கொடுத்துத் தனியே நின்று குடித்த கள்ளும், விருந்தினன் வந்தான் என்று வார்த்த தேறலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று மாணவரையே கேட்கலாம். அவர்கள் விடை நம்மினும் கூர்மையாக இருக்கக்கூடும்.

அவ்வேறுபாட்டை ஔவையாரைப் போல வேறெவரும் காட்டியதில்லை. அதியமான் இறந்தபின் அவர் பாடிய 235ஆம் பாடல், அவனது பெருமையைப் போரில் தொடங்கவில்லை, கள்ளில் தொடங்குகிறது. கிடைத்தது சிறிதாயின் எங்களுக்கே கொடுத்துவிடுவான். பெரிதாயின் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். பிறகு சோறு, பிறகு எலும்போடு கூடிய தசை, அதன்பின்னரே அம்பும் வேலும் நுழையும் களம். வார்த்தைதோறும் வரும் ‘மன்’ என்னும் இடைச்சொல், அவையெல்லாம் கழிந்தன என்பதை உணர்த்துகிறது. தொல்காப்பிய உரைகாரர் கழிவுப்பொருளுக்கு இப்பாடலையே எடுத்துக்காட்டினர். இலக்கண வகுப்பில் அந்த இடைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கள்ளை விட்டுவிடுவது நம் வழக்கம். கழிந்தது எது என்று அறியாமல் கழிவுப்பொருள் எவ்வாறு விளங்கும்?

இப்பாடலை 232ஆம் பாடலோடு சேர்த்தே படிக்க வேண்டும். அதுவும் ஔவையார் பாடியது. அதியமானுக்கு நடுகல் நாட்டிய வேளை. கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சிறிய கலத்தில் வார்க்கின்றனர். ஓங்கிய மலையோடு நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன், இந்தச் சிறுகலத்துக் கள்ளை ஏற்பானோ என்று ஔவையார் கேட்கிறார். அவன் உயிரோடிருந்த நாளில் சிறிதளவு கள் கிடைத்தபோது, அதனைத் தான் உண்ணாமல் அவருக்குக் கொடுத்தவன். இப்போது அதே சிறிதளவை அவனுக்குக் கொடுப்பவர்கள் இவர்கள்.