மானுக்கு நின்ற பிணை

உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் நம் இல்லங்களில் மிகுதியும் அறியப்பட்ட பகுதி எதுவென வினவினால், நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே பலரும் விடை பகர்வர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என மூன்று காண்டங்களில் 5,027 விருத்தங்களாக விரிந்து கிடக்கும் அப்பெருங்காப்பியத்தை முற்றும் ஓதியவர் சிலரே. ஆயினும் இம்மானின் கதையைப் பாட்டியின் மடியிலேயே கேட்டு வளர்ந்தோர் நம்மில் ஏராளம்.

இப்படலத்துக்குச் சொல்லப்பெறும் விளக்கங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். பேசாத விலங்கு பேசியதென்னும் அற்புதத்தை வியந்து, இதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முஃஜிஸாத்துகளுள் ஒன்றாக எண்ணி அமைவோர் ஒரு சாரார். வாயில்லா உயிரிடத்தும் அண்ணலார் காட்டிய பரிவை எடுத்தோதி, ஜீவகாருண்யம் என்று தலைப்பிட்டு முடித்து விடுவோர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தும் உரைகளே. எனினும் புலவர் பெருமான் படலத்துக்கு இட்ட பெயரை இவ்விரு சாராரும் நின்று நோக்கியதாகத் தெரியவில்லை. மான் பேசிய படலம் என்று அவர் பெயரிடவில்லை. மானுக்கு இரங்கிய படலம் என்றும் பெயரிடவில்லை. பிணை நின்ற படலம் என்றார். அச்சொல்லைக் கைக்கொண்டு படலத்துள் புகுந்தால், இறைவனைச் சார்ந்து நிற்றலாகிய தவக்குலும், மனிதர் ஒருவர்க்கொருவர் தாங்கி நிற்றலும் ஒரே முடிச்சில் கட்டுண்டு கிடப்பதைக் காணலாம்.

கதையைச் சுருங்கக் கூறுவேன். வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்களிடம் அம்மான் தன் துயரை முறையிடுகிறது. பால் மறவாத கன்று பசித்துக் கிடக்கிறது. சென்று பாலூட்டித் திரும்ப விடைவேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். நாயகம் வேடனிடம் அதற்குத் தாமே பிணையாகின்றார்கள். காட்டுக்குள் போன மான் மனிதரிடம் மீண்டு வருவது உண்டோ என்று வேடன் ஐயுறுகிறான், பின்னர் இசைகிறான். மான் தன் இனத்தைச் சேர்ந்து, கன்றுக்குப் பாலூட்டி, நடந்ததைக் கூறித் திரும்பப் புறப்படுகிறது. துணையும் இனமும் தடுக்கின்றன. அது நில்லாது வருகிறது; கன்றும் பின்தொடர்ந்து வருகிறது. கண்ட வேடன் உளம் நெகிழ்ந்து ஈமான் கொள்கிறான்.

இந்நிகழ்ச்சியின் மூலத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஹிஜ்ரி 430இல் மறைந்த அபூ நுஐம், 458இல் மறைந்த பைஹகீ ஆகிய இமாம்கள், 'தலாயிலுந் நுபுவ்வத்' என்னும் பெயர் கொண்ட தத்தம் நூல்களில் மானைப் பற்றிய அறிவிப்புகளைப் பதிந்துள்ளனர். அவற்றின் தொடர்கள் வலுக்குறைந்தவை. இப்னு கதீர் இதற்கு அடிப்படையே இல்லையென மறுத்தார். பின்வந்த ஸகாவீ அம்மறுப்பை எடுத்துக் காட்டி விட்டு, இப்பொருளில் வந்துள்ள பல அறிவிப்புகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதாகவும் குறித்தார். ஆகவே இதனைக் கொண்டு மார்க்கத் தீர்ப்பு எதனையும் நாட்டுதல் முறையன்று. காப்பியமாக ஓதி அதன் நயம் காண்பதற்கோ தடையேதுமில்லை. மேடைகளில் சிலர் இரண்டையும் குழப்பிக் கொள்வதனால் இத்துணையும் சொல்ல நேர்ந்தது.

இனி, புலவர் செய்த மாற்றத்தைப் பாருங்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களைத் தொட்டு வரும் அறிவிப்பில், மான் ஒரு கூடாரத்தருகே கட்டப்பட்டிருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனிடமே உறுதி வாங்கிக் கொண்டு அவிழ்த்து விடுகின்றார்கள். அது பாலூட்டி மீண்ட பின்னரே உடையவர்கள் வந்து சேர்கின்றனர். அவர்களிடம் கேட்டுப் பெற்று அதனை விடுவிக்கின்றார்கள். அங்கே வழக்காட எவருமில்லை. உமறுப் புலவரோ வேடனை முதலிலேயே களத்தில் கொணர்ந்து நிறுத்திவிட்டார். பொருளுக்கு உரியவன் எதிரே நிற்கின்றமையால்தான் பிணை என்பதே பிறக்கிறது. இம்மாற்றத்தை வெறும் அலங்காரம் என்று தள்ளுவதற்கில்லை.

வேட்டுவனுக்கு வாக்களித்துச் சென்று மீளும் மானின் கதை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. சிவராத்திரி மகிமை கூறும் புராணக் கதையிலும் மான்கள் அவ்வாறு மீள்கின்றன. ஆனால் அங்கே மான் தன் சத்தியத்தையே ஈடு வைக்கிறது. சீறாவிலோ மானுக்கும் வேடனுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் வந்து தம்மையே ஈடாக வைக்கின்றார்கள். கதை கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கியிருக்கும்.

சொல்லின் அழகும் ஒன்றுண்டு. தமிழில் பிணை என்பது பெண்மானுக்கும் பெயர். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களுள் அதனை எண்ணுகிறது. பிணைத்தல் என்பது ஒன்றோடொன்றைச் சேர்த்துக் கட்டுதல். கடனுக்கும் வழக்குக்கும் பொறுப்பேற்று நிற்பவரும் பிணையே. ஆக, பிணைக்குப் பிணை நின்ற கதை இது. அரபியிலும் இதற்கு இணையான ஓர் அமைப்பைக் காணலாம். கஃபாலா என்பது கடனுக்குப் பொறுப்பேற்பதையும் குறிக்கும். அநாதையை ஏற்று வளர்ப்பதையும் குறிக்கும். மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா (அலை) அவர்கள் வளர்த்ததைத் திருக்குர்ஆன் அவ்வேர்ச்சொல்லாலேயே கூறுகிறது. நீதிமன்றங்களில் நாம் வழங்கும் ஜாமீன் என்னும் சொல்லும் 'ளாமின்' என்ற அரபிச் சொல்லின் வழிவந்ததே.

தவக்குல் என்பதோ வகீல் என்னும் சொல்லோடு உடன்பிறந்தது. தன் காரியத்தை வல்லவன் ஒருவனிடம் ஒப்படைத்து மனம் அமைதல் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ தமது இஹ்யாவின் நான்காம் பகுதியில் இதற்கென ஒரு நூலையே ஒதுக்கி, மூன்று படிகளை வகுத்தார். வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தவனின் நிலை முதற்படி. தாயைத் தவிர வேறறியாத குழவியின் நிலை இரண்டாவது. குளிப்பாட்டுவோர் கையில் கிடக்கும் மய்யித்தின் நிலை மூன்றாவது. நம்மிடையே மூன்றாம் படியைப் பேசிக் களிப்போர் மிகுதி. இமாமவர்கள் அதே நூலில் குடும்பத்தவனைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படிப்போரோ குறைவு. தனியொருவன் தன் பசியைப் பொறுத்துக் கொள்ளலாம். தன் பொறுப்பிலுள்ள மனைவி மக்களைப் பட்டினியைப் பொறுக்குமாறு கட்டாயப்படுத்த அவனுக்கு உரிமையில்லை. நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்தார்க்கு ஓராண்டு உணவைச் சேமித்து வைத்ததை இமாமவர்கள் எடுத்துக் காட்டுகின்றார்கள். தவக்குலில் சிறந்தவரெனப் போற்றப்பட்ட இப்ராஹீம் அல்கவ்வாஸ் என்னும் ஸூஃபியோ, பாலைவனப் பயணத்திலும் ஊசியும் நூலும் கத்தரியும் நீர்ப்பாத்திரமும் இன்றிப் புறப்படமாட்டார்.

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை ஓதும் நம் அன்பர்கள் இவ்விடத்தே சற்று நிதானிக்க வேண்டும். 1838இல் மறைந்த அப்பெருந்தகை இல்லறம் துறந்து நின்று பாடியவர். அவர்தம் உருக்கம் அந்நிலைக்கு உரியது. கடை வைத்திருப்பவரும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவரும் அதனைத் தம் வாழ்வுக்கு அப்படியே சட்டமாக்கிக் கொண்டால், துன்பம் அவர் வீட்டுப் பெண்டிர்க்கே சென்று சேரும்.

மானின் படலத்தோடு சேர்த்து ஓதத்தக்கதாக நான் கருதுவது, ஸஹீஹுல் புகாரீயில் அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு வரலாறு. இது வலுவான தொடர் உடையது. பனூ இஸ்ராயீலருள் ஒருவர் மற்றொருவரிடம் 1,000 தீனார் கடன் கேட்டார். கொடுப்பவர் சாட்சி கேட்க, அல்லாஹ்வே போதிய சாட்சி என்றார். பிணை கேட்க, அல்லாஹ்வே போதிய பிணை என்றார். கொடுப்பவரும் அதனை ஏற்றுத் தவணை குறித்துப் பணத்தைத் தந்தார். வாங்கியவர் கடல் கடந்து சென்று தம் காரியம் முடித்தார். தவணை நாளில் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு கட்டையைக் குடைந்து, 1,000 தீனாரையும் ஒரு கடிதத்தையும் உள்ளே வைத்து மூடி, இறைவனிடம் ஒப்புவித்துக் கடலில் விட்டார். அக்கரையில் கப்பலை எதிர்நோக்கி வந்த கடன் கொடுத்தவர், கரையொதுங்கிய கட்டையை அடுப்பெரிக்க எடுத்துச் சென்று அறுத்தபோது பணத்தைக் கண்டார்.

பலர் இவ்வளவோடு நிறுத்தி, தவக்குலின் வெற்றி என்று கூறிவிடுகின்றனர். வரலாறு இங்கே முடியவில்லை. கட்டையைக் கடலில் விட்டவர் அத்துடன் அமைந்திருக்கவில்லை. தொடர்ந்து கப்பல் தேடி, கிடைத்த கப்பலேறி, இன்னுமொரு 1,000 தீனாருடன் வந்து தாமதத்துக்குக் காரணம் கூறி நின்றார். கடன் கொடுத்தவரும் வாய்மூடி இரண்டாவது ஆயிரத்தைப் பெற்றுக் கொள்ளவில்லை. முன்னமே ஏதேனும் அனுப்பினீரா என்று கேட்டு, உம் கடனை அல்லாஹ் சேர்ப்பித்து விட்டான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அல்லாஹ்வைப் பிணையாக்கியவர், அப்பிணையைத் தம் கடமையிலிருந்து விடுதலையாகக் கொள்ளவில்லை. அவர் சுமந்து வந்த இரண்டாவது ஆயிரமும், வேடனை நோக்கி மான் திரும்ப நடந்த நடையும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

மனிதர் மனிதர்க்குப் பிணையாவதை நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணைப் பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு, அதே நூலில் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி சான்று. ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டது. இறந்தவர் மூன்று தீனார் கடன் வைத்திருந்தார். விட்டுச் சென்ற பொருள் ஏதுமில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்று நாயகம் ஒதுங்கிக் கொண்டார்கள். அபூ கதாதா (ரலி) எழுந்து அக்கடன் தம் பொறுப்பு என்றார். அதன் பின்னரே தொழுகை நடந்தது. பிற்காலத்தில் வசதி பெருகியபோது, கடனோடு இறப்போரின் கடனை நாயகமே தம் பொறுப்பில் ஏற்றார்கள்.

நம் ஊர்களிலும் ஜனாஸாத் தொழுகைக்கு முன், மய்யித்துக்குக் கடன் இருப்பின் வாரிசுகளைக் கேட்டுக் கொள்ளுமாறு அறிவிக்கும் நல்வழக்கம் உண்டு. அறிவிப்பு மகனுடையதாகவோ தமையனுடையதாகவோ இருக்கிறது. அபூ கதாதாவைப் போல, உறவில்லாத ஒருவர் ஸஃப்பிலிருந்து குரல் கொடுப்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வாழும்போதும் நிலைமை வேறன்று. கைம்பெண்ணிடமும் தொழில் நொடித்தவரிடமும் தவக்குல் வையுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொல்பவர் கையில் பொருள் இருந்து, அதை விரல் மடக்கி வைத்துக் கொண்டு சொன்னால், அச்சொல் உபதேசமாகாது, கைகழுவும் வழியாகும். தவக்குல் என்பது ஒருவர் தம் நெஞ்சுக்குச் சொல்லிக் கொள்ள வேண்டிய சொல். அயலார்க்குக் கொடுக்க வேண்டியது பிணை.

பிணை நின்று குடும்பம் இழந்தோர் நம்மிடையே உண்டு என்பதை நான் மறக்கவில்லை. ஜாமீன் கையெழுத்துப் போடாதே என்று பெரியவர்கள் எச்சரிப்பது பட்டறிவினால்தான். நம் ஃபிக்ஹு நூல்களும் இதனை எண்ணியே விதி வகுத்துள்ளன. பிணை நிற்பவர் தம் விருப்பத்தால் நிற்க வேண்டும். பிணைக்குக் கூலி பெறலாகாதென்பதே பெரும்பான்மை அறிஞர் கொள்கை. பிணை வந்துவிட்டதனால் கடன்பட்டவர் தலை தப்பிவிடுவதில்லை, கடன் தீருமளவும் இருவருமே பொறுப்பாளிகள். ஒரு பிணையைக் கெடுப்பது பெரும்பாலும் பிணை நின்றவரின் அறியாமையன்று, திரும்பி வராத மானே. ஆகவே இப்படலம் கொடுப்போரை நோக்கிப் பேசுமளவு வாங்குவோரை நோக்கியும் பேசுகிறது. உரைகாரர்கள் இதனை ஏனோ விட்டுவிட்டார்கள்.

வேடனைப் பற்றியும் ஒரு சொல். அவன் பசித்தவன், காட்டில் உழன்று ஈட்டிய அன்றைய உணவை ஒரு வாக்கின்மேல் விட்டுக் கொடுத்தான். அப்போது அவன் ஈமான் கொண்டவனுமல்லன். மானின் துயரைப் புலவர் உருகி உருகிப் பாடியதனால், கேட்போர் இரக்கம் முழுதும் மானுக்கே போய், இவனுக்கு ஒரு துளியும் மிஞ்சுவதில்லை. படலத்தில் எனக்குள்ள மனக்குறை இது ஒன்றே.

ஆனால் மான் தன் இனத்தாரிடையே நிற்கும் இடத்தில் புலவர் எக்குறையும் வைக்கவில்லை. தடுத்தவர்கள் பகைவரல்லர், துணையும் சுற்றமும். அவர்கள் சொன்னது அன்பினால் சொன்ன சொல். உலகியலுக்கு முற்றும் பொருந்திய சொல்லுங்கூட. மான் அவர்களோடு நெடிது வாதாடவில்லை. தனக்காக ஒருவர் அங்கே நின்று கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிப் புறப்பட்டது. பெரியவை யாவும் காட்டிலேயே நின்றுவிட, உடன் நடந்தது பால் குடித்து முடித்த அந்தக் கன்று ஒன்றுதான்.