குதிரைத்திறனைத் திட்டும் முன் சீட்டைப் படியுங்கள்

1964 போன்டியாக் ஜிடிஓ ஒன்றை அதன் சொந்தக்காரர் டிராக் பந்தயப் பாதையில் விட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 389 கன அங்குல வி-8 இன்ஜின், நான்கு கியர், விளம்பரத்தில் 325 குதிரைத்திறன். ஓடி முடித்ததும் கையில் கொடுத்த சீட்டில் 15.2 வினாடி என்றிருக்கிறது. பக்கத்துத் தடத்தில் போன நான்கு சிலிண்டர் ஜப்பானியக் கார் முந்திவிட்டது வேறு. ‘இன்ஜினில் தெம்பு இல்லை’ என்று அவரே தீர்ப்பு எழுதிவிடுகிறார். அன்றிரவே புதிய கார்பரேட்டருக்கும் கேம்ஷாஃப்டுக்கும் ஆர்டர் போகிறது. அமெரிக்க மசில் கார் உலகில் இது வழக்கமான கதை. அந்தச் செலவு பெரும்பாலும் வீண் என்பது என் கட்சி. குறை எங்கே என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. கடைசி வரியை மட்டும் பார்ப்பதால் கண்ணில் படுவதில்லை.

நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் இருப்பதைப் போல டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது. நேர்கோடு, 1,320 அடி, அதாவது கால் மைல். வாலி பார்க்ஸ் 1951-ல் தொடங்கிய என்ஹெச்ஆர்ஏ அமைப்பு இந்த ஆட்டத்துக்கு விதி வகுத்தது. நைட்ரோ எரிபொருளில் ஓடும் உச்சப் பிரிவுகளை 2008-ல் 1,000 அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். தெருவில் ஓடும் கார்களுக்கு இன்றும் கால் மைல்தான். வழியில் 60, 330, 660, 1,000 அடிகளில் ஒளிக்கற்றைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் கார் எப்போது வெட்டியது என்பது சீட்டில் பதிவாகும். 660 அடியிலும் கடைசிக் கோட்டிலும் வேகமும் பதிவாகும்.

முதல் வரியில் இருக்கும் ‘ரியாக்‌ஷன்’ எண்ணை இப்போதைக்கு மறந்துவிடலாம். பச்சை விளக்குக்கு ஓட்டுநர் எவ்வளவு தாமதமாக அசைந்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கார் நகர்ந்து தொடக்கக் கோட்டின் கற்றையை விட்டு விலகிய பிறகுதான் ஓட்டக் கடிகாரம் தொடங்கும். விளக்கு விழுந்த பிறகு நிதானமாகக் கிளம்பினாலும் 15.2 என்பது 15.2-தான்.

இப்போது நம் எடுத்துக்காட்டுச் சீட்டை முழுதாகப் பார்ப்போம். 60 அடி: 2.62 வினாடி. 330 அடி: 6.75. 660 அடி: 10.05, மணிக்கு 76.5 மைல் வேகத்தில். முடிவு: 15.2 வினாடி, 96 மைல்.

கோட்டைக் கடக்கும் வேகம் இன்ஜினின் பலத்தைச் சொல்லும். எடுத்துக்கொண்ட நேரமோ அந்தப் பலம் தரையில் இறங்கிய கதையைச் சொல்லும். கிளம்பும் இடத்தில் சக்கரம் வழுக்கினால் வினாடிகள் போகும். ஆனால் அந்த நேரத்தில் கார் கடந்த தூரம் சொற்பம். மிச்சமுள்ள ஆயிரத்துச் சொச்சம் அடியில் இன்ஜின் தன் வேகத்தை எட்டிவிடும். அதனால்தான் மோசமாகக் கிளம்பிய காரும் கோட்டில் ஏறக்குறைய அதே வேகத்தைக் காட்டுகிறது.

பந்தயக்காரர்கள் கையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. நன்றாகப் பிடித்து ஓடிய காரில் வினாடியையும் மைல் வேகத்தையும் பெருக்கினால் 1,363 அளவில் நிற்கும். நம் சீட்டில் 15.2-ஐ 96-ஆல் பெருக்கினால் 1,459. ஏகப்பட்ட உபரி. 96 மைல் வேகம் காட்டுகிற கார் 14.2 வினாடியில் ஓடியிருக்க வேண்டும். ஒரு முழு வினாடி கிளம்பும் இடத்தில் சிந்திவிட்டது.

இன்ஜின் மேல் சந்தேகம் தீரவில்லையா? வேகத்தை 234-ஆல் வகுத்து, வரும் ஈவின் கனத்தைக் காரின் எடையால் பெருக்கினால் குதிரைத்திறன் கிடைக்கும். ஓட்டுநரோடு 3,700 பவுண்டு என்று வைத்தால் விடை 255. ‘325 எங்கே, 255 எங்கே’ என்று பதற வேண்டாம். அந்தக் காலத்து விளம்பர எண், காற்று வடிகட்டி, மஃப்ளர், விசிறி எதுவும் இல்லாமல் மேடையில் இன்ஜினை ஓட்டி அளந்தது. 1972-ல் அமெரிக்கக் கம்பெனிகள் காரில் பொருத்திய நிலையில் அளந்து சொல்லத் தொடங்கின. செவ்ரோலேயின் 454 கன அங்குல எல்எஸ்5 இன்ஜின் 1971-ல் 365 குதிரைத்திறன், 1972-ல் 270. இறக்கத்தின் பெரும்பகுதி அளக்கும் முறையில் வந்தது. ஆக, நம் ஜிடிஓவின் இன்ஜின் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது. அதன் மேல் கார்பரேட்டர் வாங்கி வைத்தால் சக்கரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வழுக்கும், அவ்வளவுதான்.

குற்றவாளி 60 அடி. சாதாரணத் தெரு டயரில் ஒழுங்காகக் கிளம்பும் கார் இந்தத் தூரத்தை 2.2 வினாடி அளவில் கடக்கும். ஒட்டும் ரப்பர் கொண்ட டிராக் ரேடியல் போட்டால் இரண்டுக்கும் கீழே வரும். இங்கே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு 0.1 வினாடியும் கோட்டில் 0.15-ஆவது திருப்பித் தரும். 2.62-ஐ 2.2-க்குக் கொண்டுவந்தாலே 15.2 என்பது 14.6-க்கு இறங்கிவிடும். பானெட்டைத் திறக்கவே வேண்டியதில்லை.

எப்படிக் கொண்டுவருவது? முதலில் காரை விட்டு இறங்கிப் போய்த் தரையைப் பாருங்கள். கிளம்பிய இடத்தில் கருப்புக் கோடு இரண்டா, ஒன்றா? ஒன்றுதான், அதுவும் வலப்பக்கம் என்றால் விஷயம் தெளிவு. பின்னச்சு ஒரே துண்டாக உள்ள இந்தக் கார்களில், நீளவாக்கில் சுழலும் ஷாஃப்டின் முறுக்கு அச்சையே திருப்பப் பார்க்கும். இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயரின் பாரம் குறையும். சாதாரண டிஃபரென்ஷியல் இருந்தால் பாரம் குறைந்த சக்கரம் சும்மா சுற்றும், மற்றது வேடிக்கை பார்க்கும். இதற்காகவே போன்டியாக் ‘சேஃப்-டி-டிராக்’ என்ற பெயரில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலைக் கூடுதல் விலைக்கு விற்றது. அது இருந்தும் ஒரே கோடு விழுந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்துவிட்டன. வலது பின் சுருள் ஸ்பிரிங்குக்குள் சிறிய காற்றுப்பை ஒன்றை வைத்துப் பாரத்தைச் சமன் செய்வது பழைய தந்திரம். விலை மலிவு, பலன் உடனே.

கோடு விட்டு விட்டு விழுந்தால் டயர் குதிக்கிறது என்று பொருள். பின்னச்சைப் பிடித்திருக்கும் நான்கு கைகளின் ரப்பர் புஷ்கள் 60 வருடத்தில் பொடியாகியிருக்கும். மாற்றாமல் மேற்கொண்டு ஓட்டினால் அச்சே உடையலாம்.

தெரு டயரில் ஓடுபவர்கள் இன்னொரு தப்பும் செய்கிறார்கள். பந்தயக்காரர்கள் டயரைச் சூடேற்ற நீர் தெளித்த குழியில் நிறுத்திச் சுழற்றுவதைப் பார்த்துத் தாங்களும் அதில் இறக்குகிறார்கள். பள்ளம் வெட்டிய தெரு டயர் அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டுபோய்த் தொடக்கக் கோட்டில் கொட்டும். குழியைச் சுற்றிக்கொண்டு போய், காய்ந்த தரையில் ஒரு சின்னச் சுழற்சி சுழற்றித் தூசியைத் தட்டினால் போதும். பின் டயர் காற்றைச் சற்றுக் குறையுங்கள். கிளட்சை 4,000 சுற்றில் விடாமல் 2,000-ல் விட்டு, பிடித்த பிறகு மிதியுங்கள். பார்க்க மந்தமாக இருக்கும், சீட்டில் வேகமாக இருக்கும்.

இதே பெருக்கலை வைத்து ஒரு பழைய புரளியையும் அம்பலப்படுத்தலாம். ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் 1964 மார்ச்சில் இதே ஜிடிஓவைச் சோதித்து, கால் மைல் 13.1 வினாடி, 115 மைல் வேகம் என்று அச்சிட்டது. அமெரிக்காவே வாயைப் பிளந்தது. அதே காலத்தில் மற்ற இதழ்கள் ஓட்டிய ஜிடிஓக்கள் 15 வினாடிக்கு முன்னும் பின்னுமாகத்தான் ஓடின. 115 மைலைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 440 குதிரைத்திறனை ஒட்டி வருகிறது. அந்த மாடலின் உச்ச இன்ஜினுக்கே விளம்பரத்தில் 348-தான், அதுவும் உப்பிய எண். போன்டியாக்கின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்: இதழுக்குக் கொடுத்த காரில் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல இன்ஜின். பெருக்குத்தொகை 1,506 என்பதையும் கவனியுங்கள். அத்தனை பலத்தை ஒல்லி டயர்களால் தரையில் இறக்க முடியவில்லை. இன்று ‘என் கார் ஏன் 13.1 ஓடவில்லை’ என்று கவலைப்படுபவர்களில் சிலர் இந்தப் பொய்யோடுதான் போட்டி போடுகிறார்கள்.

இனி வேறு வகைச் சீட்டு. 60 அடி 2.15, நல்ல கிளம்பல். 660 அடி 9.35 வினாடி, 77.5 மைல். முடிவு 14.75, ஆனால் வேகம் 90 மைல்தான். பாதித் தூரத்து வேகத்தை 1.25-ஆல் பெருக்கினால் கடைசி வேகம் ஏறக்குறைய வந்துவிட வேண்டும். இங்கே 97 வரவேண்டிய இடத்தில் 90. இது டயர் நோய் இல்லை. பின்பாதியில் இன்ஜின் மூச்சு வாங்குகிறது. பானெட்டைத் திறக்க வேண்டிய சீட்டு இதுதான்.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் உள்ளே ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதிக்க, இன்னொருவர் கார்பரேட்டரின் வாயைப் பார்க்க வேண்டும். தகடுகள் நிமிர்ந்து முழுக்கத் திறக்கின்றனவா? தடித்த மிதியடி, நீண்டுபோன இணைப்புக் கம்பி, இரண்டில் ஏதோ ஒன்று கால்வாசியைத் தின்றுகொண்டிருக்கும். மூன்று கார்பரேட்டர் கொண்ட ‘டிரை-பவர்’ ஜிடிஓ என்றால் இன்னும் கவனம் தேவை. 1964-ல் ஓரத்து இரண்டும் வெற்றிட இழுப்பில் திறக்கும் வகை. காய்ந்து விரிசல் விட்ட ஒரு ரப்பர்க் குழாய் போதும், கார் நடு கார்பரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு கால் மைலும் ஓடிவிடும். சொந்தக்காரர் மூன்றையும் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்.

அடுத்து பெட்ரோல். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் இருப்பு முதல் சில வினாடிகளுக்குப் போதும். பிறகு பம்ப் ஈடுகொடுக்க வேண்டும். டாங்குக்குள் அடைத்த வடிகட்டி, உள்ளே நொய்ந்து உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் குழாய், தளர்ந்த பம்ப் எல்லாம் நின்ற இடத்தில் தெரியாது. பழைய ஆட்கள் ஓர் அழுத்தமானியை முன் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் கியரில் முள் சரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

முள் சரியவில்லை என்றால் பற்றவைப்புப் பக்கம் போகலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்தால் உயர் சுற்றில் குதிக்கும், பொறி தவறும். தளர்ந்த வால்வு ஸ்பிரிங்கும் அதே இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

டைமிங்கைச் சரிபார்க்கிறவர்கள் இன்ஜின் முன்பக்கச் சக்கரத்தில் உள்ள கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதன் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியது; வயதானால் நழுவும். கோடு 34 டிகிரி என்று காட்டும், உண்மையில் 26-ஆக இருக்கும். முதல் பிஸ்டனின் உச்ச நிலையைக் கையால் கண்டுபிடித்துவிட்டுத்தான் விளக்கை அடிக்க வேண்டும். இன்றைய பெட்ரோலுக்கு இன்ஜின் தட்டுகிறது என்று டைமிங்கைப் பின்தள்ளி வைத்திருப்பவர்களும் நிறைய. 10.75 அமுக்க விகிதம் அந்தக் காலத்து ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோலுக்கு வகுத்தது. தட்டலை விரட்டப் போய்ப் பலத்தையும் விரட்டிவிடுகிறார்கள்.

கியர் விகிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னச்சில் 3.23 விகிதம், 27 அங்குல டயர் என்றால் 98 மைல் வேகத்தில் நான்காம் கியரில் இன்ஜின் சுமார் 3,940 சுற்றுதான் சுற்றும். இந்த இன்ஜின் முழுப் பலத்தைக் காட்டுவது 4,800-ல். உச்சத்தைத் தொடாமலே பந்தயம் முடிந்துவிடுகிறது. 3.90 போட்டால் 4,750 வரும். நெடுஞ்சாலையில் காது அடைக்கும் என்பது வேறு விஷயம்.

ஓடிய ஊரும் கணக்கில் வரவேண்டும். டென்வர் அருகே 2023 வரை இயங்கிய பேண்டிமியர் பாதை 5,800 அடி உயரத்தில் இருந்தது. ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் வீதம் இன்ஜின் பலம் குறையும். கடல்மட்டத்தில் 100 மைல் காட்டும் கார் அங்கே 94-தான் காட்டும். அங்கே வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு இன்ஜினைப் பிரித்தவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு.

தவறான எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இந்தக் கார்களுக்குள் நிஜமாகவே எவ்வளவு இருக்கிறது? மிச்சிகனில் ஸ்டாண்டன் என்ற சிற்றூரில், கம்பெனி தந்த அமைப்பைப் பெரிதாக மாற்றாத மசில் கார்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கிறது. டயர்கூட அந்தக் காலத்து அளவில்தான் போட வேண்டும். வருகிறவர்கள் டைமிங், ஜெட், டயர் காற்று, கிளட்ச் விடும் சுற்று போன்றவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே பல கார்கள், 60-களின் இதழ்கள் நேர்மையாகச் சோதித்து அச்சிட்ட நேரங்களைவிட ஒரு வினாடிக்கு மேல் குறைவாக ஓடுகின்றன.