சந்தையும் அயலாரும்
பேராசிரியர் ஷெனாயின் எழுத்துகளைக் கரிசல் மண்ணிலிருந்து படித்தல்

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் வழியில் மல்லாங்கிணறு என்னும் ஊர் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் நிலம். விளைந்த ஆண்டில் மல்லியும் வத்தலும் மூட்டையாகி விருதுநகர்க் கமிஷன் கடைக்குப் போகும். பொய்த்த ஆண்டில் வீட்டுப் பெண்கள் விடியுமுன் பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போவார்கள். சந்தையின் இரு முகங்களையும் ஒரே குடும்பம் கண்டுவிடக் கூடிய இத்தகைய ஊரில் அமர்ந்து, சந்தையின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய ஒரு பேராசிரியரின் நூல்களை நம் வாசகர் வட்டத்தில் படித்தோம். அவர் பெயர் பி. ஆர். ஷெனாய். நம்மில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கள் நம் வீட்டு வாசல் வரை வந்து நிற்பவை.

1905இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர் அவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் லண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே 1931இல் ஹயக் நிகழ்த்திய சொற்பொழிவுகள் அவருடைய சிந்தனைக்குத் திசை காட்டின. கெயின்ஸ் எழுதிய பணவியல் நூலின் சமன்பாடுகளை ஆராய்ந்து இளவயதிலேயே அமெரிக்க ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். இலங்கையில் ஆசிரியராகப் பணியாற்றிய அனுபவத்தின் பயனாக, அந்நாட்டின் நாணயமும் வங்கி முறையும் பற்றிய அவருடைய நூல் 1941இல் வந்தது. ரிசர்வ் வங்கியில் சிலகாலம் பணிபுரிந்தபின் அகமதாபாத்திலுள்ள குஜராத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நெடுநாள் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகள் 1958இல் நூலாயின. 1978இல் மறைந்தார்.

இந்த வாழ்வின் உச்சம் 1955ஆம் ஆண்டு. அவ்வாண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணியிலான சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் இயற்றியிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை ஆராயப் பொருளியல் அறிஞர் குழு ஒன்று அமைந்தது. டி. ஆர். காட்கில், வி. கே. ஆர். வி. ராவ் முதலிய பெரியோர் அமர்ந்திருந்த அக்குழுவில் ஷெனாய் ஒருவர் மட்டும் ஒப்பாமல் தனியே மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதி வைத்தார். மக்களின் உண்மையான சேமிப்புக்கு மிஞ்சிய திட்டத்தைப் புதுப்பணம் அச்சிட்டு நிறைவேற்ற முனைந்தால் விலைவாசி ஏறும். ஏறிய விலையை அடக்கக் கட்டுப்பாடு வரும். கட்டுப்பாடு வந்தால் கள்ளச்சந்தையும் கையூட்டும் வரும் என்பதே அவர் வாதத்தின் சாரம். அத்திட்டத்தில் 4,800 கோடி ரூபாய்ப் பொதுச் செலவில் 1,200 கோடியைப் பற்றாக்குறை நிதியால் ஈடுகட்ட எண்ணியிருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அவர் அச்சம் வீணானதன்று என்பது விளங்கும். 1957இல் நாடு கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. அதற்குக் காரணங்கள் பல. எனினும், எச்சரித்தவரின் குரலைக் கேட்க அன்று எவருக்கும் பொறுமை இருக்கவில்லை என்பது வரலாறு.

ஷெனாயின் எழுத்தில் நாம் முதலில் மதிப்பது அவருடைய நேர்மை. பதவியும் புகழும் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கம் அவர் சாயவில்லை. இரண்டாவது, ஏழையைப் பற்றிய அவர் கவலை. சந்தைப் பொருளியல் பேசுவோர் செல்வரின் வழக்கறிஞர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஷெனாயைப் படிப்பவர் அவ்வாறு எண்ண இயலாது. விலையேற்றம் என்பது கூலிக்காரன் பையிலிருந்து அவன் அறியாமலே எடுக்கப்படும் வரி என்றும், இறக்குமதி உரிமம் பெற்ற சிலர் வியர்வை சிந்தாமல் கொழுப்பது பொதுமக்கள் செலவில்தான் என்றும் அவர் விடாமல் எடுத்துக் காட்டினார். உரிமத்துக்காக அலுவலகப் படிகளில் காத்துக் கிடந்த தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1991இல் தொழில் உரிம முறை பெரும்பாலும் கைவிடப்பட்டபோது, அவர் மறைந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனிக் குறையைச் சொல்லியாக வேண்டும். அரசு எங்கெல்லாம் விலக வேண்டும் என்பதை ஷெனாய் தெளிவாகச் சொல்கிறார். அரசு விலகிய இடத்தில் ஒழுங்கு எவ்வாறு பிறக்கும் என்ற வினாவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பது யார்? எடையில் ஏமாற்றியவனைத் திருத்துவது யார்? விலை என்னும் நாவுக்கு உண்மை பேசக் கற்றுக் கொடுத்தவர் யார்? பணத்தின் ஓட்டத்தை நுட்பமாக அளந்த அறிஞர், நம்பிக்கையின் ஊற்றைத் தேடிப் போகவில்லை.

அந்த ஊற்றைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர் கட்டியெழுப்பிய உறவின்முறையும் மகமையும் நம் கண்முன் உள்ளன. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர் தாமே விதித்துக்கொண்ட சிறு கட்டணம் மகமை. அப்பணத்தில் கிணறு வெட்டப்பட்டது, வண்டிகள் இரவில் அச்சமின்றித் தங்கப் பேட்டைகள் எழுந்தன, பள்ளிகள் நடந்தன. வழக்கு நேர்ந்தால் உறவின்முறை கூடித் தீர்த்தது. தவறியவர் தண்டம் கட்டினார். ராபர்ட் ஹார்டுகிரேவ் என்னும் அமெரிக்க அறிஞர் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இவ்வமைப்பு விரிவாகப் பேசப்படுகிறது. 1921இல் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் வங்கியும் இதே மரபின் கிளையே. நம் வட்டத்தில் அமர்ந்திருந்த கமிஷன் கடை அண்ணாச்சி ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: “மகமையக் கொடுன்னு எந்தச் சர்க்காரும் எங்களுக்குச் சொல்லல, கொடுக்காதவன் முகத்துல நாளைக்கு யாரு முழிப்பா?”

அண்மைக்கால அறிஞர் சிலர் ஷெனாய் விட்ட இடத்திலிருந்து தொடங்கியுள்ளனர். பொதுவளங்களை மக்கள் தாமே விதி வகுத்துக் காக்க இயலும் என்று 1990இல் நூல் எழுதிய எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எட்வர்ட் ஸ்டிரிங்கம் என்னும் பேராசிரியர் 2015இல் வெளியிட்ட நூலில், 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தையையும் லண்டன் காப்பிக் கடைகளில் கூடிய தரகர்களையும் எடுத்துக்காட்டி, நீதிமன்றத்தின் துணையின்றியும் வணிகர் ஒழுங்கை உண்டாக்கிக்கொள்வர் என்று வாதிடுகிறார். ஆம்ஸ்டர்டாமும் லண்டனும் காட்டும் உண்மையை நம் விருதுநகர்ப் பேட்டையும் காட்டுகிறது. ஆனால் அவ்வூர்கள் காட்டாத வேறோர் உண்மையையும் நம் மண் காட்டுகிறது. அதுவே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

மகமைக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்குள் இருப்பவர் உறவினர். அவர் பிள்ளைக்குப் பள்ளி உண்டு, அவர் வழக்குக்குத் தீர்ப்பு உண்டு. வேலிக்கு வெளியே மூட்டை தூக்கியவருக்கும், தீக்குச்சி அடுக்கியவருக்கும் அவ்வவையில் இடமில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கையே தனக்கு உதவி என்று எழுந்து நின்றது பெருமைக்குரிய வரலாறு. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. 1899இல் சிவகாசி கண்ட கொடுமைகளை நினைத்தால், அவர்கள் வேலி கட்டிக்கொண்டதன் நியாயமும் புரிகிறது. ஆனால் வேலி காத்த நன்மையை வேலிக்கு அப்பால் கொண்டு செல்லும் வேலையை வேலியே செய்யாது. விருதுநகரில் பிறந்து, அச்சமூகம் நடத்திய பள்ளியில் பயின்ற காமராசர், 1954இல் முதலமைச்சரான பின் என்ன செய்தார்? ஊர்தோறும் பள்ளியைத் திறந்தார். மதிய உணவைக் கொண்டுவந்தார். மகமை தன் பிள்ளைகளுக்குச் செய்ததை அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யத் தொடங்கியது. அகமதாபாத்துப் பேராசிரியர் அரசின் மிகைச் செலவைக் கண்டித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. கல்விக்குச் செலவிடுவதை ஷெனாய் எதிர்த்தார் என்று சொல்வது அநீதி. ஆனால் அரசின் எந்தச் செலவு சுமை, எந்தச் செலவு விதைநெல் என்று பிரித்துக் காட்டும் அளவுகோல் அவர் பக்கங்களில் நமக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

சிவகாசியின் கதை இன்னும் கூர்மையானது. 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அவர்களை அனுப்பியது எந்தத் திட்டக் குழுவும் அன்று. முயற்சிக்கு இது நல்ல சான்று. ஆயினும் வெளிநாட்டுத் தீப்பெட்டிமீது அன்றைய அரசு விதித்த இறக்குமதி வரியும் அத்தொழிலுக்கு நிழல் தந்தது என்பதை மறந்துவிடலாகாது. கட்டற்ற சந்தையின் பிள்ளை என்று சிவகாசியை அழைப்பவர் பாதிக் கதையே சொல்கிறார்.

மறுபாதி துயரமானது. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததை வணிகர் சங்கங்கள் தாமாக நிறுத்திவிடவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விதி மீறிச் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென ஆணையிட வேண்டியதாயிற்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற விதி ஏட்டில் இருக்கிறது. அறைகளை உள்குத்தகைக்கு விட்டு, எண்ணிக்கைக் கூலிக்கு விரைந்து வேலை வாங்கும்போது அந்த விதி காற்றில் பறக்கிறது. பல ஆண்டுகள் ஆலை வேலை செய்த ஒரு தாய் நம் வட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தார். பேச்சு சந்தையின் உரிமையைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார்: “ரூமுக்கு எத்தன பேருன்னு செவுத்துல எழுதியிருக்கு சார். எழுதினவுக வந்து எண்ணிப் பாக்குறதில்ல.”

அந்தச் சொல்லுக்குப் பின் வெகுநேரம் எவரும் பேசவில்லை. எழுதியவர் அரசு, எண்ணிப் பாராதவரும் அரசே. ஆகவே ஷெனாயின் ஐயம் இங்கும் உயிரோடு நிற்கிறது: உரிமம் தரும் கை, கண்ணை மூடிக்கொள்ளவும் கூலி கேட்கக் கூடும். ஆனால் முதலாளியும் எண்ணவில்லை. அவர் சங்கமும் எண்ணவில்லை. கடனைத் திருப்பித் தராதவன் முகத்தில் விழிக்க மறுக்கும் அதே ஊர், அறையில் கூடுதல் ஆள் அமர்த்தியவன் முகத்தில் மகிழ்ச்சியோடு விழிக்கிறது. ஏனெனில் கடன் கொடுத்தவர் உறவினர். அறையில் அமர்ந்தவர் அயலார். தனியார் ஒழுங்கமைப்பின் வலிமையும் வறுமையும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன என்பதே நம் முடிவு.

ஹயக் லண்டனில் பேசிய அதே 1931ஆம் ஆண்டில், திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் தம் சமூகச் சுற்றுமடலை வெளியிட்டார் என்பது நம் சிந்தனைக்குரியது. குடும்பமும் தொழிற்சங்கமும் ஊரவையும் தாமே செய்யத்தக்கதை மேலமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று அம்மடல் கற்பித்தது. இவ்வளவில் ஷெனாய் நம் திருச்சபையின் படிப்பினைக்கு அண்மையில் நிற்கிறார். ஆனால் சிறிய அமைப்பால் இயலாதபோது அதற்குத் துணை நிற்பது மேலமைப்பின் கடமை என்பதும் அதே படிப்பினையின் பகுதி. 1991இல் இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய மடலும் சந்தையின் பயனை ஏற்றுக்கொண்டு, சந்தையால் நிறைவு செய்ய இயலாத மனிதத் தேவைகள் உண்டு என்பதை நினைவூட்டியது. ஒரு பாதியை மட்டும் கையிலெடுத்துக்கொள்வது நமக்கு எப்போதும் எளிது. கடை வைத்திருப்பவர் முதற் பாதியையும், கூலி வாங்குபவர் இரண்டாம் பாதியையும் மனப்பாடம் செய்கிறோம்.

நல்ல சமாரியர் உவமையில் நாம் அதிகம் கவனிக்காத ஒருவர் சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் அவரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார். பத்திரமில்லை, சாட்சியில்லை, வாக்கு ஒன்றே பிணை. ஷெனாய் காக்க விரும்பிய உரிமையுள்ள கொடுக்கல் வாங்கல் அங்கே அழகாக நிகழ்கிறது. ஆனால் அந்த வணிகம் யாருக்காக நிகழ்ந்தது? உறவினனுக்காக அன்று, பெயர்கூடத் தெரியாத ஓர் அயலானுக்காக.

ஷெனாயின் நூல்களை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். அரசை வணங்கும் நோயிலிருந்து அவை நம்மை விடுவிக்கும். படித்து முடித்தபின், மல்லாங்கிணற்றுப் பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலையில் வேனுக்காக நிற்கும் பெண்களையும் ஒருமுறை பார்க்கட்டும். அவர்கள் அமரப்போகும் அறைகளில் ஆட்களை எண்ணிப் பார்க்க வேண்டியவர் யார் என்ற வினாவுக்கு, அரசு என்று மட்டும் சொல்லி நாம் தப்பிக்க இயலாது. சந்தை என்று சொல்லியும் தப்பிக்க இயலாது. நம் பங்கில் ஆலை நடத்துவோரும் இருக்கின்றனர், ஆலைக்குச் செல்வோரும் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் ஒரே பந்தியில் அமரும் நமக்குள்ளேயே அந்த எண்ணிக்கை தொடங்கலாம்.