இலவச அலைவரிசையும் இணையக் கட்டணமும்

இணையவழித் தொலைக்காட்சி மலையகத்தின் தனிமையை நீக்கிற்று என்பர் சிலர். சப்ரகமுவத் தோட்டங்களை நோக்குமிடத்து இக்கூற்றுப் பாதியே பொருந்தும்.

1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலந்தொட்டு மலைகளே இம்மக்களுக்கு மறைப்பாயின. தெரணியகலை, இறக்குவானைப் பகுதிகளின் பள்ளத்து லயன்களில் அன்ரெனாவை மூங்கிலில் உயர்த்திக் கட்டியும் திரையில் புள்ளிகளே தெரிந்தன. பின்னர்ப் பலர் பொருத்திய இந்தியச் செய்மதித் தட்டுகள் தமிழகத்து நாடகங்களைக் கொணர்ந்தன; நம் நாட்டுத் தமிழ் அலைவரிசைகளை அன்று. இன்று சக்தியும் வசந்தமும் கைத்தொலைபேசியிலேயே கிட்டுகின்றன. இது பேறுதான், மறுப்பதற்கில்லை.

ஆயினும் இலவச ஒளிபரப்பு இங்கு இலவசமாயில்லை. நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கே ஏறத்தாழ அரைக் கிகாபைற் தரவு செலவாகும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 வரை போராடிய குடும்பங்கள் அதனைக் கணக்கிட்டே பார்க்கும். நேரலையும் பல வினாடிகள் பிந்தியே வரும். விக்கெட் வீழ்ந்த செய்தியை, மேட்டுக் கிராமத்தில் அன்ரெனா வழியே பார்க்கும் சிங்கள அயலவரின் ஆரவாரம் முந்திச் சொல்லிவிடும்!

இவற்றினும் பெரிய குறை உள்ளடக்கத்தில் உள்ளது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் திரையில் தோன்றுவது பெரும்பாலும் 2016 மே மாதத்துப் புளத்கொஹுபிட்டிய மண்சரிவு போன்ற அனர்த்தங்களின்போதே. அத்தகைய நாள்களிலோ மின்சாரம் நின்று, தொடர்புக் கோபுரமும் ஓய்ந்துவிடுதல் உண்டு. அப்போது தம்மைப் பற்றிய செய்தியைத் தோட்டத்தார் பற்றரி வானொலியில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.