சுவரோவியமும் இடப்பற்றும்: கண்ணகி நகரை எப்படி அளப்பது?

பொதுவெளிக் கலை ஓர் இடத்தைப் பற்றிய இளையோரின் உணர்வை மாற்றுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒளிப்படமே விடையாகக் காட்டப்படுகிறது: வண்ணம் தீட்டிய சுவர், அதன் முன் சிரிக்கும் சிறுவர்கள். சுவர் மாறியதற்கு அந்தப் படம் சான்றாகும். மனம் மாறியதற்கு வேறு சான்று வேண்டும். சென்னையின் கண்ணகி நகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

சென்னை நகருக்குள் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு முதல் உருவான மறுகுடியமர்வுப் பகுதி கண்ணகி நகர். அதன் பெயர் குற்றச் செய்திகளோடு சேர்த்தே பேசப்பட்டது. வேலை கேட்டுப் போகும் இளையோர் தம் முகவரியைச் சொல்லத் தயங்கினர். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியின் ஆதரவோடு இங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைவித்தன. 'கண்ணகி கலை மாவட்டம்' என்ற புதுப் பெயரும் வந்தது.

எதை அளக்கிறோம்?

இடத்தின் மீதான உணர்வை ஆய்வாளர்கள் ஒரே பொருளாகக் கொள்வதில்லை. ஜார்கென்சன், ஸ்டெட்மன் ஆகியோரின் 2001ஆம் ஆண்டு ஆய்வு அதை மூன்றாகப் பிரிக்கிறது: இடத்தோடு தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளுதல், அதன்மீது பற்றுக் கொள்ளுதல், தன் தேவைகளுக்கு அதைச் சார்ந்திருத்தல். இவற்றை 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரையிலான லிக்கர்ட் அளவுகோலால் அளப்பது வழக்கம்.

மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தந்தால் கண்ணகி நகரின் சிக்கல் மறைந்துவிடும். ஓவியம் அடையாள உணர்வை உயர்த்தக்கூடும். ஆனால் தொலைவில் போன வேலையையும் பள்ளியையும் அது அருகில் கொண்டுவராது. ஒரு மாணவி சுவரைப் பார்த்துப் பெருமைப்படலாம், அதே நாளில் அங்கிருந்து வெளியேறவும் விரும்பலாம். இரண்டும் உண்மையான விடைகளே.

அளவீட்டின் குறைகள்

முதலாவது, ஓவியத்துக்கு முந்தைய அளவீடு. வரைந்து முடித்தபின் மட்டும் கேட்டால் எதிலிருந்து எது மாறியது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, ஒப்பீடு. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் வீராங்கனை ஒருவர் இருந்தார். தமிழகமே அந்தப் பகுதியின் பெயரை மதிப்போடு உச்சரித்தது. அதன்பின் எடுக்கப்படும் கணக்கெடுப்பில் பெருமை கூடியிருந்தால், அதில் சுவரின் பங்கு எவ்வளவு, கபடியின் பங்கு எவ்வளவு? ஓவியம் வராத வேறொரு மறுகுடியமர்வுப் பகுதியின் இளையோரிடமும் அதே கேள்விகளை அதே காலத்தில் கேட்டிருந்தால் ஓரளவு பிரித்தறியலாம். கபடி போன்ற ஓரிடத்து நிகழ்வுக்கு அதுவும் போதாது. நிகழ்வுக்கு முன்னும் பின்னும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கேட்பவர் யார் என்பது. ஓவியம் வரைவித்தவரே வந்து 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல 'நன்றாக இருக்கிறது' என்ற விடையே வரும்.

வேறு வழிகள்

கெவின் லிஞ்ச் பதிப்பித்து 1977இல் வெளிவந்த 'நகரங்களில் வளர்தல்' என்ற யுனெஸ்கோ ஆய்வு, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து நாட்டுச் சிறுவர்களைத் தம் பகுதியின் வரைபடத்தை வரையச் சொன்னது. கண்ணகி நகரிலும் இதைச் செய்யலாம். சிறுவர் வரையும் படத்தில் ஓவியச் சுவர் இடம்பெறுகிறதா, அல்லது தண்ணீர் லாரி நிற்கும் இடமும் விளையாட்டுத் திடலும் மட்டும் வருகின்றனவா என்பது பல வினாத்தாள்களைவிடத் தெளிவாகப் பேசும்.

இன்னொரு கேள்வி அதைவிட எளிது: வேலைக்கான விண்ணப்பத்தில் எந்த முகவரியை எழுதுகிறீர்கள்? அந்த விடை மாறினால் கலை தன் வேலையைத் தொடங்கிவிட்டது எனலாம். ஆனால் உண்மையான முகவரியை எழுதியவருக்கு வேலை கிடைத்ததா என்பதையும் அதே ஆய்வு கேட்க வேண்டும். களங்கத்தைச் சுமப்பவர் இளைஞர் என்றாலும், அதை ஏற்றி வைத்தவர்கள் வெளியே இருக்கிறார்கள். அவர்களின் மனமாற்றத்தையும் அளக்காத ஆய்வு, பாதியையே அளக்கிறது.