29 என்றால் எவ்வளவு?

திருப்புட்குழியிலிருந்து ஒரு வாசகர் காரமாக எழுதியிருக்கிறார். 'ஸ்ரீகாந்த்தை நீங்களெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். 146 ஒருநாள் ஆட்டங்களில் 4091 ரன், சராசரி 29.01, ஸ்ட்ரைக் ரேட் 71.74. இந்த லட்சணத்துக்கு இன்றைக்கு டீமில் இடம் கிடைக்குமா சார்?'

கிடைக்காது. ஆனால், கேள்வியே தப்பு.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் பட்டை வைத்தே சொல்கிறேன். உங்கள் அம்மா 1980-ல் எடுத்த கல்யாணப் புடவையின் பில்லைப் பார்த்துவிட்டு, 'அட, சல்லிசு!' என்பீர்களா? அப்போது அப்பாவுக்கு என்ன சம்பளம் என்றல்லவா விசாரிப்பீர்கள்? ரன்னும் அப்படித்தான்.

இதை அமெரிக்கர்கள் பேஸ்பாலில் பிரமாதமாகச் செய்கிறார்கள். 1930-ல் நேஷனல் லீக் முழுவதன் பேட்டிங் சராசரியே .303. அதாவது அங்கே .301 அடித்தவர் சராசரிக்கும் கீழே. அதே .301-ஐ 1968-ல் அடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, அமெரிக்கன் லீகில் முதலிடம்! அந்த வருஷம் பந்து வீசுகிறவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். லீக் சராசரி வெறும்.230. அடுத்த வருஷமே அவர்கள் நின்று வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டிவிட்டார்கள். எண் ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. அதனால் லீக் சராசரியை 100 என்று வைத்து, ஆட்டக்காரர் அதற்கு மேலா கீழா என்று பார்ப்பது அங்கே வழக்கம்.

நாமும் பார்ப்போம். 1983 உலகக் கோப்பை ஃபைனலில் இரண்டு அணிகளும் உதிரிகள் சேர்த்து 640 பந்தில் 323 ரன். நூறு பந்துக்கு ஐம்பது. ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38. நூறு பந்துக்கு 67. ஆட்டத்தின் சராசரி 100 என்றால் அவர் 132. இரு தரப்பிலும் அதிகபட்ச ஸ்கோர் அந்த 38-தான்.

ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, சரி. கூட ஆடியவர்களின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். கவாஸ்கரின் ஒருநாள் ஸ்ட்ரைக் ரேட் 62.26. உலகமே நடுங்கிய மேற்கிந்தியத் துவக்க ஜோடி? கிரீனிட்ஜ் 64.92, ஹெய்ன்ஸ் 63.09. நம்ம சேப்பாக்கம் பையன் மூன்று பேரையும்விட வேகம். 1996-ல் ஜெயசூர்யா ஆரம்பத்திலேயே வெளுத்தபோது உலகம் வாயைப் பிளந்தது. அந்த தைரியத்தை நாம் பத்து வருஷம் முன்பே டி.வி.யில் பார்த்துவிட்டோம்.

இங்கேயே நிறுத்தினால் அது ஊர்ப்பாசம். இதே தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். சராசரியில் கிரீனிட்ஜ் 45.03, ஹெய்ன்ஸ் 41.37, கவாஸ்கர் 35.13. மூவரும் நம்மவருக்கு மேலே. ரிச்சர்ட்ஸோ சராசரி 47, ஸ்ட்ரைக் ரேட் 90 என்று இரண்டு பக்கமும் ஜெயித்தவர். வேகமாக ஆடினால் விக்கெட் போகத்தான் செய்யும் என்ற சமாதானம் அவரிடம் செல்லாது.

டெஸ்ட்டில் நிலைமை இன்னும் மோசம். 43 டெஸ்ட், 2062 ரன், சராசரி 29.88. ஒரு செஞ்சுரிகூட அடிக்காமல் கட்டை போட்டே காலம் தள்ளினார் என்று நாம் கேலி செய்த சேத்தன் சவுகானின் சராசரி 31.57! 1986-ல் சிட்னியில் அடித்த 116-ம், மறு வருஷம் சென்னையில் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த 123-ம் மனசை அள்ளியது நிஜம். மனசை அள்ளியதை ஸ்கோர்போர்டில் கூட்ட முடியாது.

ஆக, என் மார்க்: டெஸ்ட்டில் சுமார். ஒருநாளில் நல்ல ஆட்டக்காரர், மகத்தான ஆட்டக்காரர் இல்லை. ஆனால் அந்தக் காலத்தின் வேகத்தைத் தாண்டி ஓடியவர். காலத்தோடு ஒப்பிட்டால் அவருக்கு நியாயம் கிடைக்கிறது; அதே ஒப்பீடு கொஞ்சம் குட்டும் வைக்கிறது. இரண்டையும் வாங்கிக்கொள்வதுதான் ரசிகனுக்கு அழகு.

திருப்புட்குழிக்காரரே, 29 சின்ன எண்தான். ஆனால், எந்த வருஷத்து 29 என்று கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.