கணினிவழிப் பரீட்சையும் நம் மாணவரும்

கணினிவழிப் பரீட்சையை விரும்பும் மாணவனைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடுவது ஆசிரியருலகில் வழக்கமாகிவிட்டது. எழுதக் கை வலிக்கிறது. ஆகவே பொத்தானை அழுத்த ஆசைப்படுகிறான் என்கின்றனர். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ உயர்தர வகுப்பு மாணவருடன் சற்றே பொறுமையாக உரையாடினால் வேறொன்று புலப்படும். இயந்திரத்துக்குத் தாம் எந்த ஊரார் என்பது தெரியாது என்பதே அவர்கள் கூறும் காரணம். வீட்டுத் தமிழின் ஒரு சொல் கட்டுரையில் தலைகாட்டினாலும் கோடிழுக்கும் சிவப்பு மையைத்தான் அவர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் நியாயமானதே. மருதமுனை நெசவாளியின் பிள்ளை தறியின் சொற்களைக் கொண்டு எழுதினால் அது கொச்சை என்று தீர்ப்பளிக்கும் திருத்துநர் இன்றும் உளர்.

எனினும், இயந்திரம் அநீதி செய்யாது என்ற நம்பிக்கையை ஏற்பதற்கில்லை. 2011ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையை நினைவுகூர்வோம். பழைய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் ஒன்றாகக் கலந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கணிக்கப்பட்டது. அப்புள்ளிகள் செல்லா என 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டலிலும் வகுத்தலிலும் தவறே இல்லாதிருந்தாலும், இரு சாராரையும் கலக்கலாம் என்று தீர்மானித்தவர்கள் மனிதர்களே. கணினித் திரையில் தோன்றும் நான்கு விடைகளுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரு கவிதைக்கு ஐந்தாவது பொருளொன்றைக் கண்ட மாணவன், சிவப்பு மையோடாவது வாதாடலாம்; அந்நான்கு கட்டங்களோடு எவ்வாறு வாதாடுவான்?

கட்டுரையையும் கணினியிலேயே எழுதுவிக்கலாமே என்பாரும் உளர். எழுதுவிக்கலாம்தான். ஆனால் எந்த விசைப்பலகையில்? பாமினி முறையிலா, ரெங்கநாதன் முறையிலா? நம் மாணவரிற் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை வரவழைக்கின்றனர். அவர்களைத் திடீரென ஒரு விசைப்பலகையின்முன் அமர்த்தினால் சோதிக்கப்படுவது சிந்தனையன்று, விரலின் பழக்கமே. அப்பழக்கமோ வீட்டில் கணினியுள்ளவனுக்கே வாய்க்கும். 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றின் கற்கைத் தளங்களை மாணவர் கட்டணமின்றிப் பார்வையிட வழி செய்யப்பட்டது. நல்ல காரியம். ஆயினும் அதைப் பார்ப்பதற்கான கருவியை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீட்டில் இலவசம் என்பதற்கு என்ன பொருள்? 2022இன் மின்வெட்டு நாட்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாணவர் கோருவது நீதியான மதிப்பீடு. அதை வழங்க மின்சாரம் தேவையில்லை. புள்ளித்திட்டத்தை வெளிப்படையாக்குவதும், பிரதேசச் சொல்லுக்குக் கட்டுரையில் இடமுண்டு என்று திருத்துநருக்கு எழுத்தில் அறிவிப்பதும் இன்றே செய்யக்கூடியவை. கணினிவழிப் பரீட்சைக்கு நாள் குறிக்க விரும்பும் அதிகாரிகள், தமிழ்த் தட்டச்சு எந்த வகுப்பிலிருந்து, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எத்தனை மாணவருக்கு ஒரு கணினி என்ற விவரங்களை முதலில் வெளியிடட்டும்.